புதுப்பிப்பு: செம்பு நிற 1985 ஒரு ரூபாய்

வேலூர் லாங் பஜார் பழைய சில்லறையில் வந்த செம்பு நிற 1985 ஒரு ரூபாய் அச்சுப் பிழையா என்று முன்பு கேட்டிருந்தேன். பிழை இல்லை, மேலே படிந்த செம்பு.

முதலில் எடை. நகைக்கடைத் தராசில் 5.94 கிராம், விட்டம் 26 மி.மீ. இந்த நாணயத்தின் முறையான எடை 6 கிராம். உலோகம் 75% செம்பு, 25% நிக்கல். அந்த ஆண்டு ஒரு ரூபாய் பிரிட்டனிலும் அச்சானது. அங்கே இரண்டு பென்ஸ் நாணயத்துக்கான வெண்கல வில்லை (அச்சடிக்கும் முன் உள்ள வெறும் உலோகத் தட்டு) ஏறக்குறைய இதே அகலம்தான், ஆனால் 7.12 கிராம். ரூபாய் அச்சு தவறுதலாக அந்த வில்லையில் விழுந்திருந்தால் தராசே காட்டிக் கொடுத்திருக்கும்.

தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்க்கச் சொன்னவர்களுக்கு: இங்கே அது உதவாது. செம்பு-நிக்கலும் வெண்கலமும் இரண்டுமே ஒரு கன செ.மீ.க்கு 8.9 கிராமை ஒட்டியே வரும்.

தீர்த்து வைத்தது பத்து மடங்கு லென்ஸ். சிங்கங்களின் பிடரி மேடும் விளிம்பும் தேய்ந்த இடங்களில் வெள்ளை. எழுத்துகளின் குழிகளில் மட்டும் சிவப்பு. பிழை நாணயம் தேயத் தேய அதே நிறம்தான் காட்டும். காரட் மீட்டர் (நகைக்கடையில் எக்ஸ்-ரே மூலம் உலோகக் கலவையை அளக்கும் கருவி) மேல்தோலை மட்டுமே படிக்கும். அதனால் வெள்ளைப் புள்ளியிலும் சிவப்புப் புள்ளியிலும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். வெள்ளையில் நிக்கல் கால் பங்கு வந்தது, சிவப்பில் வெகுவாகக் குறைந்தது.

செம்பு எப்படிப் படிந்திருக்கலாம்? நகைப் பட்டறையில் பலமுறை பயன்படுத்திய அமிலத்தில் செம்பு கரைந்திருக்கும். அதில் நாணயத்தைப் போட்டு இரும்பு இடுக்கி பட்டால் செம்பு மேலே ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து சுரண்டிப் பார்க்காதீர்கள். உண்மையான பிழை நாணயமாக இருந்தால் மதிப்பு அங்கேயே போய்விடும்.