சமையல் இதழுக்குச் சந்தா கட்டணும், எது தேறும்?

வணக்கம் ஆச்சிகளே, அண்ணன்மார்களே. காரைக்குடி வீட்டுக்கு ஒன்றிரண்டு சமையல் இதழ்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாம் என்று இருக்கிறேன், எதைக் கட்டலாம் என்று சொல்லுங்கள். அம்மாவுக்குப் போனில் படிக்கக் கண் ஒத்துவராது, அதனால் தாளில் வருவதுதான் வேண்டும். மங்கையர் மலர் 2020-லேயே அச்சை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. அவள் விகடன், குங்குமம் தோழி இரண்டிலும் சமையல் வருகிறது, ஆனால் அவை முழுச் சமையல் இதழ்கள் இல்லையே, சமையலுக்காக மட்டும் வாங்கினால் கட்டுபடியாகுமா?

எனக்கு முக்கியம் அளவு. ஒரு இதழில் 'செட்டிநாட்டு ஸ்பெஷல்' என்று போட்டு, வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசி ஒரு கப், உளுந்து அரை கப் என்று எழுதியிருந்தார்கள். நம் வீடுகளில் உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் போடுவோம். அரை கப் போட்டால் பணியாரம் எண்ணெய் குடித்துவிடும். கல்பாசியும் மராட்டி மொக்கும் அள்ளிப் போட்டால் செட்டிநாடு ஆகிவிடும் என்று எழுதுகிற இதழும் வேண்டாம். அடுப்பில் செய்து பார்த்து எழுதுகிறவர்கள் யார்?

அப்புறம், தபாலில் ஒழுங்காக வந்து சேர்கிறதா? தேவகோட்டை, புதுவயல் பக்கம் சந்தா கட்டியிருப்பவர்கள் சொல்லுங்கள். பழைய இதழ் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள், நான்கைந்து குறிப்பு செய்து பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன், அதற்குப் பிறகே பணம் கட்டுவதாக இருக்கிறேன்.