பாம்புக்கடி வார்டு: ஒருவருக்கு இமை, இன்னொருவருக்குக் கண்ணாடிக் குழாய், ஏன்?

வெண்ணாற்றங்கரை:
ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். குறுவை அறுப்பு ஆரம்பிச்சதுல இருந்து வார்டுல பாம்புக்கடி கேஸ் நிறைய. நல்ல பாம்பு கடிச்சவருக்கு இமையைப் பாருன்னு சொல்றாங்க. பக்கத்துக் கட்டில்ல கண்ணாடி விரியன் கடி, அவருக்கு யூரின் அளவை மணிக்கு மணி குறிக்கணும். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயிலதான் எடுக்கணும், பிளாஸ்டிக் கூடாதாம். நரம்பு-தசை சந்திப்பு, ரத்த உறைதல் ரெண்டும் முதல் வருஷமே படிச்சாச்சு. ஆனா நோயாளி பக்கத்துல நிக்கும்போது எதை எதோட சேர்க்கிறதுன்னு பிடிபடல. சீனியர்ஸ் விளக்குங்க.

இரவுப்பணி:
நரம்புல இருந்து ஆரம்பிப்போம்மா. நரம்பு முனையில இருந்து அசிட்டைல்கோலின்ங்கிற வேதிப்பொருள் வெளியே வந்து, தசை மேல இருக்கிற ஏற்பியில உட்கார்ந்தாத்தான் தசை சுருங்கும். நல்ல பாம்பு விஷம் அந்த ஏற்பியில போய் உட்கார்ந்துக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே கெடுத்துடும். முதல்ல வாய்க்கால்ல தண்ணி இருக்கு, மடைதான் அடைச்சிருக்கு. ரெண்டாவதுல வாய்க்காலே வத்திப்போச்சு.

அதனாலதான் நியோஸ்டிக்மின் ஊசி நல்ல பாம்புக் கடியில பலன் தருது. அசிட்டைல்கோலினை உடைக்கிற நொதியை அது தடுக்கும். அசிட்டைல்கோலின் அளவு கூடி, விஷத்தோட போட்டி போட்டு ஏற்பியைப் பிடிக்கும். கட்டுவிரியன்ல கூட்டுறதுக்கே சரக்கு இல்லை, அதனால பலன் குறைவு. நரம்பு முனை மறுபடி வளர நாள்கணக்காகும், அதுவரைக்கும் வென்டிலேட்டர்தான் காப்பாத்தணும். நியோஸ்டிக்மினுக்கு முன்னாடி அட்ரோபின் ஏன் போடுறாங்கன்னும் தெரிஞ்சுக்கோங்க: நியோஸ்டிக்மினால இதயத் துடிப்பு குறையும், எச்சிலும் சளியும் பெருகும், அதைத் தடுக்கத்தான்.

தளர்ச்சி மேல இருந்து கீழே இறங்கும். இமை, கண் அசைவு, விழுங்குறது, கழுத்து, கடைசியா மூச்சை இழுக்கிற உதரவிதானம். பார்க்கிற முறை: தலையை அசைக்காம மேலே பார்க்கச் சொல்லுங்க, மேல் இமை முழுசா ஏறுதான்னு கவனிங்க. இமை இறங்குறவங்க தலையைப் பின்னால சாய்ச்சுப் பார்த்துச் சமாளிப்பாங்க, ஏமாந்துடாதீங்க. அப்புறம் தலையணையில இருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்க. கடைசியா, ஆழமா மூச்சு இழுத்து ஒரே மூச்சுல சத்தமா எண்ணச் சொல்லுங்க. 25 வரைக்கும் எண்ணினவர் அடுத்த தடவை 15-ல நின்னா உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. ஆக்ஸிமீட்டர் 97 காட்டுதுன்னு உட்கார்ந்திருக்கக் கூடாது. தசை சோர்ந்து வெகுநேரம் கழிச்சுத்தான் அந்த எண் இறங்கும், ஆக்சிஜன் ஓடிட்டிருந்தா இன்னும் தாமதம். வாயில எச்சில் தேங்குச்சுன்னா இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, அதை உறிஞ்சி எடுக்கிற சக்‌ஷன் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்.

லேப்_திருவாரூர்:
கண்ணாடிக் குழாய்க்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடிப் பரப்பில் பட்டவுடன் ரத்தத்தின் 12-ஆம் உறைகாரணி (உறைதலுக்கு உதவும் புரதங்களில் ஒன்று) தூண்டப்பட்டு உறைதல் தொடங்கும். பிளாஸ்டிக்கில் அந்தத் தூண்டல் சரியாக நடக்காது. கண்ணாடி விரியன் விஷம் உடம்புக்குள்ளேயே 10-ஆம், 5-ஆம் காரணிகளைத் தூண்டி, இருக்கிற ஃபைப்ரினோஜனை (உறைகட்டியாக மாறும் புரதத்தை) எல்லாம் செலவழித்துவிடும். பிறகு வெளியில் எடுத்த ரத்தம் உறைவதற்குப் பொருளே இருக்காது.

செய்முறை: புதிய, காய்ந்த, சிறிய கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. சிரை ரத்தம். அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். நீராக ஓடினால் உறையவில்லை. அதிகம் தவறு நடப்பது குழாயில்தான். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தமும் உறையாது, ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) வீணாக ஏறும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தாலும் முடிவு கெடும். சந்தேகமாக இருந்தால் கடிபடாத ஒருவரின் ரத்தத்தை இன்னொரு குழாயில் எடுத்துப் பக்கத்திலேயே வையுங்கள். ஏ.எஸ்.வி. கொடுத்து 6 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது, கல்லீரல் புதிதாக ஃபைப்ரினோஜன் செய்ய அவ்வளவு நேரம் பிடிப்பதால். 2 மணி நேரத்தில் பார்த்து ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் தவறு.

மூத்தசெவிலி_குடந்தை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேள்வியிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது: ‘இவருக்கு இமை, அவருக்கு யூரின்’ என்று பிரிக்காதீர்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடியிலும் இமை தொங்கும். வைக்கோல் போரில் கை விட்டுக் கடிபட்டவர் பாம்பைப் பார்த்தே இருக்க மாட்டார். தரையில் படுத்துத் தூங்கியவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ பல்தடமோ இல்லாமலே போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி என்று வருவார். ஆகவே எல்லாருக்கும் இமை, எல்லாருக்கும் குழாய், எல்லாருக்கும் யூரின்.

யூரின் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி., அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மி.லி. அதற்குக் குறைந்தாலோ கறுஞ்சிவப்பாக வந்தாலோ சொல்லுங்கள். நுண்குழாய்களில் சிறு உறைகட்டிகள், ரத்த அழுத்தக் குறைவு, விஷத்தின் நேரடித் தாக்கம் எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கயிறோ துண்டோ இறுக்கிக் கட்டி வந்தால் நீங்களாகப் படக்கென்று அவிழ்க்காதீர்கள். கட்டுக்குக் கீழே நாடித்துடிப்பு இருக்கிறதா பாருங்கள். டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது, ஐ.வி. லைன் ஓடும்போது அவிழ்க்கட்டும். தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறி மூச்சு நின்றுபோகலாம்.

ஏ.எஸ்.வி. பொடியில் 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள், குலுக்க வேண்டாம், நுரைக்கும். வழக்கமான தொடக்கம் 10 குப்பி, ஒரு மணி நேரத்தில். குழந்தைக்கும் அதே குப்பிக் கணக்கு, ஏனென்றால் பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்துக் கடிக்காது. கலக்கும் சலைன் அளவை மட்டும் டாக்டர் குறைப்பார். ஏ.எஸ்.வி.யால் அலர்ஜி வந்தால் கொடுக்க அட்ரினலின் 1:1000 சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்கட்டும்: பெரியவருக்கு 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில்.

வெண்ணாற்றங்கரை:
ரொம்ப நன்றி சிஸ்டர். கூட வர்றவங்க ‘முதல்ல டி.டி. (டெட்டனஸ் ஊசி) போடுங்க’ன்னு சண்டைக்கு வர்றாங்க. என்ன சொல்றது? அப்புறம், கட்டுவிரியன் கேஸ்ல கண்மணி விரிஞ்சு வெளிச்சத்துக்கு அசையலைன்னா மூளை போயிடுச்சுன்னு அர்த்தமா?

மூத்தசெவிலி_குடந்தை:
ரத்தம் உறையாத நேரத்தில் தசையில் ஊசி குத்தினால் உள்ளே ரத்தம் கட்டி வீங்கும். குழாய்ப் பரிசோதனை சரியானதும் டி.டி. போடலாம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அலர்ஜி வந்தால் அட்ரினலின் மட்டும் காத்திருக்கக் கூடாது, அப்போது உயிர்தான் முக்கியம்.

இரவுப்பணி:
ரெண்டாவதுக்கு: இல்லவே இல்லைம்மா. கண்மணியைச் சுருக்குற நரம்பு முனையும் அதே விஷத்துல மாட்டியிருக்கும். மூளை வேலை செஞ்சுட்டிருக்கலாம். அவருக்குக் காது கேட்கும், வலி தெரியும், பதில் சொல்லத்தான் முடியாது. கண் மூடாததால சொட்டு மருந்து விட்டு இமையை டேப்பால மூடி வைங்க, ஊசி போடுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க, ‘இனி தேறாது’ன்னு கட்டில் பக்கத்துல நின்னு யாரையும் பேச விடாதீங்க.