டெஃபர்டு க்யூவில் 14,000 மெயில், ஃப்ளஷ் செய்தும் குறையவில்லை

கேள்வி:
போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள்) ஓடும் கேட்வே சர்வர் இது. வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்கி உள்ளே இருக்கும் மெயில்பாக்ஸ் சர்வருக்குத் தள்ளும், உள்ளிருந்து போவதை வெளியே அனுப்பும், அவ்வளவுதான் வேலை. ஒரு வாரமாக டெஃபர்டு க்யூ, அதாவது போகாமல் மறுமுயற்சிக்குக் காத்திருக்கும் மெயில் வரிசை, ஏறிக்கொண்டே போகிறது, இன்று காலை மெயில்க்யூ அடித்தால் 14,000-ஐத் தாண்டிவிட்டது. மணிக்கு ஒருமுறை ஃப்ளஷ் ஆகும்படி (மொத்தத்தையும் உடனே மறுபடி அனுப்பிப் பார்க்கும்படி) கிரானில், அதாவது நேரம் வைத்துக் கட்டளை ஓட்டும் வசதியில், போட்டேன், குறையவில்லை. இப்போது புதிதாக அனுப்பும் மெயில்கூட முக்கால் மணி நேரம் கழித்துத்தான் போகிறது. பெரும்பாலானவற்றின் கீழே 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று வருகிறது. ஃபயர்வாலில் 25-ஆம் போர்ட் திறந்துதான் இருக்கிறது. மொத்தத்தையும் அழித்துவிடலாமா?

பதில்:
வேண்டாம், உள்ளே நல்ல மெயிலும் கலந்திருக்கும், அழித்தால் திரும்ப வராது. முதலில் அந்த கிரானை எடுங்கள், தாமதத்துக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். போகாத மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே மறுபடி முயலும். முதலில் 300 விநாடி, அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 4000 விநாடி வரை. நீங்கள் ஃப்ளஷ் செய்யும்போது அந்த இடைவெளியை மதிக்காமல் 14,000-மும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. மாற்றாமல் விட்டிருந்தால் அனுப்பும் ப்ராசஸ் 100-தான், ஒவ்வொன்றும் செத்துப்போன சர்வர் ஒன்றின் வாசலில் 30 விநாடி நிற்கும், புது மெயிலுக்கு வழி எங்கே இருக்கும்? க்யூவில் இருப்பதை வகைபிரித்து எண்ணும் க்யூஷேப் கட்டளையை 'எஸ்' ஆப்ஷனோடு டெஃபர்டு மேல் ஓட்டி, அனுப்புநர் யார் என்று பாருங்கள்.

கேட்டவர்:
கிரானை எடுத்துவிட்டேன், புது மெயில் உடனே போகிறது, நன்றி. க்யூஷேப்பில் 13,000-க்கு மேல் மெய்லர்-டீமன் (மெயில் சர்வரே எழுதும் கடிதங்களின் அனுப்புநர்) பெயரில் இருக்கிறது. ஒன்றை போஸ்ட்கேட்டில் திறந்தேன்: உள்சர்வர் '550 யூசர் அன்நோன்' (அப்படி ஒருவர் இல்லை) சொன்னதாக ஒரு பவுன்ஸ், அதாவது மெயில் சேரவில்லை என்று அனுப்புநருக்குத் திரும்பும் அறிவிப்பு, அதற்குள் ஏதோ ஸ்பாம் கடிதம். யாருக்கு வந்ததோ அப்படி ஒரு முகவரியே எங்களிடம் கிடையாது.

பதில்:
சரி, பிடித்துவிட்டீர்கள், இது பேக்ஸ்கேட்டர், அதாவது போலி அனுப்புநர் முகவரிகளுக்குப் போகும் பவுன்ஸ். டொமைன் நம்முடையது என்றால் போதும், முகவரி இருக்கிறதா என்று கேட்காமல் உங்கள் கேட்வே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. உள்சர்வர் மறுத்ததும், வாங்கிய பாவத்துக்குக் கேட்வேதான் பவுன்ஸ் எழுத வேண்டும், அது போகும் முகவரியோ ஸ்பாமர் போட்ட போலி. அதனால்தான் டைம்அவுட். போகாமல் 5 நாள் கிடக்கும், அதற்குள் புதிது சேரும். இதைத் தயவுசெய்து க்யூ பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். போலி முகவரிகளில் சில நிஜ மனிதர்களுடையவை, தான் அனுப்பாத கடிதத்துக்கு அவர்களுக்கு பவுன்ஸ் போகிறது, உங்கள் ஐபியும் பிளாக்லிஸ்டுக்குப் போகும்.

எந்த முகவரிகளுக்கு மெயில் வாங்கலாம் என்று சொல்லும் ரிலே ரெசிப்பியன்ட் மேப்ஸ் காலியாக இருக்கும், அதில் நிஜ முகவரிகளைக் கொடுங்கள், வாசலிலேயே மறுத்துவிடும். பட்டியல் எடுக்க முடியாவிட்டால் 'ரிஜெக்ட் அன்வெரிஃபைடு ரெசிப்பியன்ட்' போடலாம், உள்சர்வரைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கும். ஆனால் அது முதலில் 450 (தற்காலிக மறுப்பு)-தான் சொல்லும், சரியாக ஓடுகிறது என்று தெரிந்தபின் 550 (நிரந்தர மறுப்பு) ஆக்குங்கள். இதை முடித்தபிறகே பழையதைத் தொடுங்கள்: மெய்லர்-டீமன் ஐடிகளை மட்டும் பிரித்து, போஸ்ட்சூப்பர் கட்டளையில் முதலில் ஹோல்டில் (அனுப்பாமல் நிறுத்தி) வையுங்கள், பத்துப் பதினைந்தைத் திறந்து பார்த்துவிட்டு அழியுங்கள்.

கேட்டவர்:
உள்சர்வரிலிருந்து பட்டியல் எடுத்து மேப்பில் போட்டேன், லாகில் மறுப்பு வரிசையாக வருகிறது. ஹோல்டில் திறந்து பார்த்தபோது நம் ஆட்கள் முகவரியைத் தப்பாக அடித்ததால் அவர்களுக்கே வர வேண்டிய பவுன்ஸ் 2 இருந்தது, அவற்றை விடுவித்துவிட்டு மீதியை அழித்தேன். க்யூவில் இப்போது 37. அதில் பாதி ஒரே டொமைனுக்கு, '451 பிறகு முயலவும்' என்று சொல்கிறது, கிரேலிஸ்டிங்தானே (தெரியாத சர்வரின் மெயிலை முதலில் தள்ளிப்போட்டு, மறுபடி முயன்றால் ஏற்பது)?

பதில்:
ஆமாம், அப்படித்தான் தெரிகிறது. கை வைக்காதீர்கள், தானாகப் போகும்.