அனபாப்டிஸ்ட்: ‘மறுமுழுக்கர்’ வேண்டாம்

> ‘அனா’ என்றால் கிரேக்கத்தில் ‘மறுபடியும்’. ‘அனபாப்டிஸ்ட்’ என்பதைத் தமிழில் ‘மறுமுழுக்கர்’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா,

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ‘அனபாப்டிஸ்ட்’ என்பது, பதினாறாம் நூற்றாண்டில் தோன்றிய அந்தக் கிறிஸ்தவப் பிரிவினர் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை, எதிராளிகள் சுமத்தியது.

1525 ஜனவரி 21 அன்று சூரிக்கில், ஃபீலிக்ஸ் மான்ஸ் வீட்டில் சிலர் கூடினார்கள். ஜார்ஜ் பிளவ்ராக் தனக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வேண்டும் என்று கேட்டார், கான்ராட் கிரேபல் கொடுத்தார். பிறகு பிளவ்ராக் மற்றவர்களுக்குக் கொடுத்தார். எல்லாருமே குழந்தையில் ஒருமுறை பெற்றவர்கள்தான். ஆனால் விவரம் தெரியாத பிள்ளைக்குச் செய்தது திருமுழுக்கே ஆகாது, மனம் திரும்பி, விசுவாசித்து, தானே வந்து கேட்பவருக்குக் கொடுப்பதுதான் திருமுழுக்கு என்பது அவர்கள் உறுதி. அவர்கள் கணக்கில் அன்று பெற்றதே முதலாவது. அதில் ‘மறு’ எங்கே வந்தது?

அந்த ‘மறு’ பல உயிர்களைக் குடித்திருக்கிறது. மறுபடி திருமுழுக்குக் கொடுப்பவருக்கு மரணம் என்று பழைய ரோமச் சட்டம் ஒன்று இருந்தது. 1529இல் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் கூடிய புனித ரோமப் பேரரசின் மன்றம் அதற்குப் புத்துயிர் கொடுத்தது. சூரிக் அதற்கும் முந்திக்கொண்டது. 1527 ஜனவரி 5 அன்று மான்ஸின் கைகளை முழங்காலோடு கட்டி, இடையில் கழியைச் செருகி, லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தார்கள். செய்தது கத்தோலிக்க ஆட்சி அல்ல, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தை ஏற்றிருந்த நகரமன்றம். மான்ஸும் கிரேபலும் அந்தச் சீர்திருத்தத்தின் தலைவர் ஸ்விங்லியிடம் பயின்றவர்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

ஜெர்மன் அறிஞர்கள் இப்போது ‘வீடர்டாய்ஃபர்’ என்பதை விட்டுவிட்டு, ‘மறு’ இல்லாத ‘டாய்ஃபர்’ என்றே எழுதுகிறார்கள். நாமும் அப்படி வெறும் ‘திருமுழுக்கர்’ என்று வைத்தால் பாப்டிஸ்ட் சபையாரோடு குழம்பும். அதனால் என் பரிந்துரை ‘விசுவாசத் திருமுழுக்கர்’. பாப்டிஸ்டுகளும் விசுவாசித்தவருக்கே கொடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் அவர்கள் தமிழில் ‘பாப்டிஸ்ட்’ என்றே நிலைத்துவிட்டதால் மோதல் வராது.

‘முழுக்கு’ என்பதற்கும் ஒரு தடை சொல்லலாம். இந்த வழியில் வந்த மெனோனைட், ஆமிஷ் சபைகளில் பெரும்பாலும் தலையில் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கம். ஆனால் நம் கத்தோலிக்கக் கோவில்களிலும் ஊற்றித்தானே ‘திருமுழுக்கு’ என்கிறோம். அப்புறம், 1529 ஆணையைத் தமிழாக்கும்போது மட்டும் ‘மறுமுழுக்கு’ இருக்கட்டும், அங்கே பேசுவது குற்றம் சாட்டியவர்கள்.