12 வயசுப் பொண்ணுக்கு முதல் மான் வேட்டை ரைஃபிள்: .243 போதுமா, .308-ஆ?

கேட்டிவாசி:
வணக்கம். இருக்கிறது டெக்சஸ், கேட்டி. பொண்ணுக்கு 12 வயசு. உயரம் 4 அடி 10 அங்குலம், எடை 84 பவுண்டு. வர்ற நவம்பர்ல லானோ கவுன்ட்டியில ஒரு லீஸ்ல (வேட்டைக்காக வாடகைக்கு எடுத்த நிலம்) வெள்ளைவால் மானுக்குப் போறதா இருக்கோம். பாக்ஸ் பிளைண்ட் (ஒளிஞ்சு உட்கார்ற பெட்டி), ஃபீடர் (மானுக்குத் தீனி போடுற கருவி) 90 கஜத்துல. ரெண்டு வருஷமா ஏர் ரைஃபிள் சுடுறா, சென்டர்ஃபயர் (அடி நடுவுல தட்டி வெடிக்கிற தோட்டா போடுற ரைஃபிள்) இதுவரைக்கும் தொட்டதில்ல.

கடையில ".308 வாங்குங்க, வளர்ந்த பிறகும் ஆகும்"னு சொல்றாங்க. தெரிஞ்சவங்க சிலர் .243, சிலர் 6.5 கிரீட்மோர் (எல்லாம் கேலிபர், அதாவது தோட்டா வகை). ஸ்கோப்போட சேர்த்து 800 டாலர் வரைக்கும் போகலாம். யூத் மாடல் வாங்கினா ரெண்டு வருஷத்துல வீணாப் போயிடுமா?

இன்னொண்ணு. அவ வலதுகைக்காரி. ஆனா குறி பார்க்கும்போது கட்டை (ரைஃபிளோட தோள்ல முட்டுற பின்பகுதி) மேல தலையை ரொம்பச் சாய்ச்சு இடது கண்ணைக் கொண்டுவரப் பார்க்கிறா. இது பழக்கமா, பிரச்சினையா? நாங்க ஹெச்-1பி (வேலை விசா), அவ ஹெச்-4 (குடும்பத்தாருக்கான விசா). அதுல ஏதாவது சிக்கல் உண்டான்னும் சொல்லுங்க.

நாலணாரேஞ்ச்:
கடைக்காரர் சொன்னதை விட்டுடுங்க. "வளர்ந்த பிறகும் ஆகும்"னு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் காலேஜ் செருப்பு வாங்கித் தர்றதில்ல.

உதைப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்கோப்போட 7 பவுண்டு எடையுள்ள ரைஃபிள்னு வெச்சா, சாதாரண வேட்டைத் தோட்டாவுக்குத் தோள்ல வந்து மோதுறது ஏறக்குறைய இவ்வளவு: .223-ல 4 அடி-பவுண்டு, .243-ல 10 இல்ல 11, 6.5 கிரீட்மோர்ல 14, 7எம்எம்-08-ல 16, .308-ல 18, .30-06-ல 21-ஐத் தாண்டும். 84 பவுண்டு பிள்ளைக்கு 10-க்கும் 18-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் பெரிய வித்தியாசம். யூத் மாடல் எடை குறைவு, அதனால அதே தோட்டா அதுல இன்னும் கூடுதலா உதைக்கும். இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல: சின்னப் பிள்ளைன்னு லேசான .308 வாங்கி, பெரியவங்களே முகம் சுளிக்கிற உதையை அதுங்க தோள்ல வெச்சிடுறாங்க.

அதனால .243 வின்செஸ்டர். 1955-லேர்ந்து இருக்கிற கேலிபர், .308 தோட்டாக் கூட்டையே கழுத்துல குறுக்கினது. 100 கிரெயின் (கிரெயின்ங்கிறது குண்டோட எடை அளவு) குண்டு நொடிக்கு 2960 அடி வேகத்துல கிளம்பும், குழல் வாய்ல 1900 அடி-பவுண்டுக்கு மேல சக்தி. 90 கஜத்து மானுக்கு இது தாராளம்.

".243-ல அடிச்சேன், மான் ஓடிப்போச்சு"ங்கிற புகார்ல முக்கால்வாசி குண்டைத் தப்பா எடுத்ததால வர்றது. .243-க்கு 55, 58 கிரெயின்ல குண்டு கிடைக்கும், அது நரி, ப்ரேரி டாக் அடிக்கிறதுக்கு. மான் தோள் எலும்புல பட்டா மேலேயே சிதறிடும், உள்ளே நுரையீரல் வரைக்கும் போகாது. பெட்டியில 95 அல்லது 100 கிரெயின் சாஃப்ட் பாயின்ட்னு (முனையில ஈயம் தெரியிற குண்டு) இருக்கா பாருங்க. முழுச் செம்புக் குண்டுன்னா 80 கிரெயினும் சரி, அது சிதறாது. உதைப்பு இன்னும் குறையணும்னா ஹார்னடி கஸ்டம் லைட்ல 87 கிரெயின் இருக்கு. .223 டெக்சஸ்ல மானுக்குச் சட்டப்படி சரிதான், ஆனா குண்டு சரியா அமையணும், கோணம் சரியா அமையணும். புதுப் பிள்ளைக்கு அவ்வளவு இறுக்கம் வேண்டாம்.

6.5 கிரீட்மோர் நல்ல கேலிபர். 14, 15 வயசுல யோசிங்க.

ஹில்கன்ட்ரிமாமா:
கேலிபருக்கு முன்னாடி கட்டை நீளத்தைப் பாருங்க தம்பி. விசையிலேர்ந்து கட்டையின் பின்பக்க ரப்பர் வரைக்கும் இருக்கிற நீளம். பெரியவங்க ரைஃபிள்ல அது பதிமூன்றரை, பதிமூணேமுக்கால் அங்குலம். 4 அடி 10-க்கு பன்னிரண்டரை போதும். நீளம் அதிகமானா பிள்ளை என்ன பண்ணும்னா, பின்னால வளைஞ்சு வயித்தை முன்னால தள்ளி நிக்கும், கட்டை தோள் குழியில உட்காராம கைப்புஜத்துக்குப் போயிடும். அங்க உதைச்சா நீலம் பாரிச்சிடும், அடுத்த குண்டுக்குத் துப்பாக்கியைத் தொடாது.

முழங்கை மடிப்புல கட்டையை வெச்சு விரல் விசைக்கு எட்டுதான்னு பார்க்கிறது உத்தேசக் கணக்குதான். சரியா பார்க்கணும்னா நவம்பர்ல போடப்போற ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, காலி ரைஃபிளைத் தோள்ல வெக்கச் சொல்லுங்க. பிடியில இருக்கிற கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி இருக்கணும். சட்டையோட கடையில பார்த்து வாங்கினா ஜாக்கெட் முக்கால் அங்குலத்தைத் தின்னுடும்.

ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட், சாவேஜ் ஆக்சிஸ் காம்பாக்ட் ரெண்டுமே பன்னிரண்டரை. வீணாப் போகுமேன்னு கவலைன்னா மாஸ்பர்க் பேட்ரியட் சூப்பர் பேன்டம்ல நடுவுல ஒரு துண்டு வெச்சு 12-லேர்ந்து 13 வரைக்கும் மாத்தலாம். வெதர்பி வேன்கார்ட் காம்பாக்ட்லயும் துண்டு உண்டு, விலையும் எடையும் கொஞ்சம் கூட. எடை கூடினா உதைப்பு குறையும், அது இங்க நல்லதுதான்.

கண் விஷயம் பழக்கம் இல்ல, பிரச்சினைதான். ரெண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவுல சின்ன ஓட்டை விட்டு, அது வழியா தூரத்துல இருக்கிற சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு கண்ணும் திறந்திருக்கணும். அப்புறம் ஓட்டையை விடாம கையை முகத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. எந்தக் கண்ணுக்கு வருதோ அதுதான் ஆளுற கண். மூணு தடவை செஞ்சு பாருங்க. இடதுன்னு வந்தா, ரைஃபிள் வாங்குறதுக்கு முன்னாடி ஏர் ரைஃபிளை இடது தோள்ல வெச்சு 50 குண்டு சுடவிட்டுப் பாருங்க.

படிவம்4473:
விசா கேள்விக்கு மட்டும் பதில். இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹெச்-1பி, ஹெச்-4 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 18-ஆம் தலைப்பு, 922-ஆவது பிரிவு. வாங்குவதை மட்டும் அல்ல, வைத்திருப்பதையும் அது தடுக்கிறது. இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. உங்களுக்குப் பயன்படுவது ஒன்று: அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதி ஆகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது.

எனவே வரிசை இதுதான். முதலில் உரிமம், பிறகுதான் கடை. நீங்கள் டெக்சஸ்வாசி என்பதால் உங்களுக்கு 25 டாலர், 17 வயதுக்குக் கீழே உள்ள மகளுக்கு 7 டாலர். மகளும் துப்பாக்கியைக் கையில் எடுக்கப் போகிறாள், ஆகவே அவளுக்கும் அவள் பெயரில் உரிமம் வேண்டும். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் குடியேற்ற நிலையையும் விதிவிலக்கையும் கேட்பார்கள். உரிமத்தையும் ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) எண்ணையும் எடுத்துப் போங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் வேறு. டெக்சஸ் வேட்டை உரிமம் எந்த மாதத்தில் எடுத்தாலும் ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும். செப்டம்பர் 1-ஆம் தேதி புது உரிமம் இல்லாமல் அலமாரியில் ரைஃபிள் இருந்தால், அன்றிலிருந்து விதிவிலக்கு இல்லை. அடுத்த ஆண்டுக்கானது ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும். நாள்காட்டியில் குறித்து வையுங்கள். கிரீன் கார்டு மனு நிலுவையில் உள்ளவர்கள் ரைஃபிள் வாங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் டெக்சஸில் வேட்டைக் கல்விச் சான்று வேண்டும். உங்களுக்கு இணையத்திலேயே முடியும். 9 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் சான்று பெற வேண்டும், அல்லது சான்றுள்ள, 17 வயது நிரம்பிய, உரிமம் பெற்ற ஒருவர் சாதாரணமாகப் பேசினால் கேட்கும் தூரத்தில் கூட இருக்க வேண்டும். மகளையும் வகுப்புக்கு அனுப்புங்கள்.

ரைஃபிளை உங்கள் பெயரில் வாங்கி மகளுக்குத் தருவது சட்டப்படி சரியே. ஆனால் 17 வயதுக்குட்பட்டவர் கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி தனியே கிடைக்கும்படி கவனக்குறைவாக வைப்பது டெக்சஸில் தனிக் குற்றம். ரைஃபிள் ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில்.

கேட்டிவாசி:
ரொம்ப நன்றி, விசா விஷயம் சுத்தமா தெரியாது. உரிமம் எடுத்துட்டுதான் கடைக்குப் போவேன்.

ஜாக்கெட்டோட அளந்தேன், பன்னிரண்டரை சரியா வருது. கண் சோதனை மூணு தடவையும் இடது. இடது தோள்ல 50 குண்டு சுட்டதுல தலை நேரா நிக்குது, குண்டுகள் விழுற கூட்டமும் சின்னதாகுது. இப்ப .243-ல இடதுகை போல்ட் (தோட்டாவை ஏத்தி இறக்குற கைப்பிடி இடதுபக்கம் இருக்கிறது), அதுவும் பன்னிரண்டரை நீளத்துல தேடினா கிடைக்க மாட்டேங்குது. பெரிய சைஸ் இடதுகை ரைஃபிள் வாங்கிக் கட்டையை அறுத்துடலாமா?

ஹில்கன்ட்ரிமாமா:
அறுக்காதீங்க. விலை குறைஞ்ச ரைஃபிள்ல கட்டை பிளாஸ்டிக், உள்ளே வெறும் கூடு. ஒரு அங்குலம் அறுத்தா ரப்பரைப் பிடிக்கிற திருகுக்குக் கடிக்க உள்ளே ஒண்ணும் இருக்காது. மரக்கட்டைன்னா வேற கதை.

வலதுகை போல்ட்டையே இடது தோள்ல வெச்சு சுடட்டும். பிளைண்ட்ல ரைஃபிள் முட்டுமேல (தாங்கி மேல) உட்கார்ந்திருக்கு, அதனால இடது கை பிடியிலேயே இருக்க, வலது கை சும்மாதானே இருக்கு? அதாலயே போல்ட்டை இழுக்கலாம். பார்க்க வேண்டியது பாதுகாப்புப் பூட்டு எங்க இருக்குங்கிறதுதான். ரூகர் அமெரிக்கன்லயும் சாவேஜ் ஆக்சிஸ்லயும் அது பிடிக்கு மேல நடுவுல, ரெண்டு கட்டைவிரலுக்கும் எட்டும். பேட்ரியட்ல போல்ட் பக்கத்துல, வலது ஓரமா இருக்கும். இடது தோள்காரிக்கு அது தோதுப்படாது, அதனால நான் முன்ன சொன்ன பேட்ரியட்டை விட்டுடுங்க. ரூகர்ல பூட்டைப் போட்டபடியே போல்ட்டை இழுத்துத் தோட்டாவை எடுக்கலாம், சின்னப் பிள்ளைக்கு அது நிம்மதி.

ஒற்றைக்குண்டு மடக்கு ரைஃபிள் ரெண்டு கைக்கும் பொதுதான். ஆனா சுத்தியலை விரலால இழுத்து வெக்கணும், ஸ்கோப் மேல வந்து மறைக்கும், சுடாம இறக்கும்போது சின்ன விரல் வழுக்கிச்சுன்னா வெடிச்சிடும். 12 வயசுக்கு அது எனக்குப் பிடிக்கல.

நாலணாரேஞ்ச்:
அப்ப ரூகரோ ஆக்சிஸோ, காம்பாக்ட், .243. ஸ்கோப் 2-7 அல்லது 3-9 மடங்கு பெரிசாக் காட்டுறது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி தர்ற மாதிரி எடுங்க. 3-9 வாங்கினா 3-லயே விட்டுடுங்க. 9-ல வெச்சா மானைத் தேடியே நேரம் போயிடும்.

ஸ்கோப்பைப் பொண்ணோட கழுத்துக்கு மாட்டணும், உங்க கழுத்துக்கு இல்ல. அப்படி மாட்டின ரைஃபிளை நீங்க வெச்சுச் சுட்டா கட்டை குட்டை, ஸ்கோப் உங்க புருவத்தைப் பிளந்துடும். பாதி அப்பாக்கள் நெத்தியில பிளாஸ்திரியோட ரேஞ்சை விட்டு வர்றது இப்படித்தான். நீங்க சுடுறப்ப கட்டையைத் தோள்ல நல்லா முன்னால தள்ளி, தலையைப் பின்னால வெச்சுக்கோங்க. ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையத்தோட மேல் திருகுக்கு 15-லேர்ந்து 18 இன்ச்-பவுண்டு போதும். அளவுச் சாவி இல்லாம கை பலத்துல முறுக்கினா ஸ்கோப் குழாய் நசுங்கும், தளர விட்டா பூஜ்யம் (குறி வெச்ச இடத்துலேயே குண்டு விழுற அமைப்பு) நாளுக்கு நாள் நகரும்.

போல்ட்டைக் கழட்டிட்டு குழல் வழியா 25 கஜத்து அட்டையைப் பாருங்க, ரைஃபிளை அசைக்காம ஸ்கோப் சிலுவையை அங்க கொண்டுவாங்க. அப்புறம் 25 கஜத்துலேயே சுடுங்க. ஸ்கோப் திருகு கால் எம்ஓஏ (சின்னக் கோண அளவு) கிளிக்னா 100 கஜத்துல ஒரு கிளிக் கால் அங்குலம், 25-ல அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு. அதாவது 25-ல ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக். நாலு கிளிக் திருகிட்டு "ஸ்கோப் கெட்டுப்போச்சு"ன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. அதுக்கப்புறம் 100-க்குப் போங்க.

100-ல ஒன்றரை அங்குலம் மேல வைன்னு சிலர் சொல்வாங்க, 200 கஜத்துக்கு அது சரி. இங்க ஃபீடர் 90-ல. 100-ல நேரா வையுங்க. 50-ல கால் அங்குலத்துக்குள்ள நிக்கும், பொண்ணு மனசுல எந்தக் கணக்கும் போட வேண்டாம். கடைசி மூணு குண்டு அவளே சுடட்டும், உங்க பூஜ்யமும் அவ பூஜ்யமும் ஒண்ணா இருக்காது.

மத்த பயிற்சியெல்லாம் .22-ல (சின்ன ரிம்ஃபயர் தோட்டா, அடி விளிம்புல தட்டி வெடிக்கிறது). யார்கிட்டயாவது இரவல் கிடைச்சா சரி. வாங்குறதா இருந்தா ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் காம்பாக்ட் அதே பன்னிரண்டரை, பூட்டும் அதே இடத்துல. 500 குண்டு அதுல, .243 ஒரு நாளைக்கு 5-லேர்ந்து 8-க்கு மேல வேண்டாம். .22-ஐ மானுக்குக் கொண்டு போயிடாதீங்க, டெக்சஸ்ல ரிம்ஃபயர்ல மான் அடிக்கத் தடை.

உதைக்குப் பயப்படுறாளான்னு பார்க்க ஒரு வழி. மேகஸின்ல நல்ல தோட்டாவுக்கு நடுவுல ரெண்டு டம்மியை (வெடிக்காத தோட்டா) கலந்து அவ பார்க்காம நீங்க போடுங்க. டம்மி வர்றப்ப குழல் வாய் கீழ குத்துச்சுன்னா பயம் வந்தாச்சு. அன்னிக்கு .243-ஐப் பைக்குள்ள வெச்சிடுங்க, .22-க்குத் திரும்புங்க. பாதிப் பயம் உதையால இல்ல, சத்தத்தால. காதுக்குள்ள பஞ்சடைப்பான், அதுக்கு மேல மஃப், ரெண்டும் போடணும். 18 அங்குலக் குழல் சத்தம் கூட. மசில் பிரேக் (குழல் வாய்ல மாட்டி உதைப்பைக் குறைக்கிற துண்டு) மாட்டிடாதீங்க, தோளுக்கு இதமா இருக்கும், காதைக் கிழிச்சிடும்.

ஹில்கன்ட்ரிமாமா:
பிளைண்ட் பத்தி ஒண்ணு. பெட்டிக்குள்ள சுட்டா குழல் வாய் ஜன்னலுக்கு வெளியே இருக்கணும், உள்ளே இருந்தா சத்தம் மொத்தமும் பெட்டிக்குள்ளயே சுத்தும். காம்பாக்ட் குழல் குட்டைங்கிறதால நாற்காலியை ஜன்னல்கிட்ட இழுத்துப் போடணும். ஜன்னல் உயரம் பெரியவங்களுக்குக் கணக்குப் பண்ணினது, அவளுக்கு உயரம் மாத்துற நாற்காலி வேணும், கால் தரையில படணும். அக்டோபர்லயே ஒரு நாள் கூட்டிப்போய் காலி ரைஃபிளோட உட்கார வெச்சுப் பாருங்க.

90 கஜத்துல ஆறு அங்குல காகிதத் தட்டுல, அதே முட்டுமேல, அஞ்சுக்கு அஞ்சு விழுந்தாத்தான் மான். நாலு விழுந்தா தூரத்தைக் குறைங்க. மான் பக்கவாட்டுல நிக்கணும், முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னால, உடம்போட கீழ் மூணுல ஒரு பாகத்துல குறி.

படிவம்4473:
ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை இந்தியப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். அடியில் ஒரு .22 தோட்டா தங்கியிருந்தால்கூட சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டப்படி வழக்கு வரை போகும். அந்தப் பைக்கு வேறு நிறம் வாங்கிவிடுங்கள்.