காட்டுத்தீப் புகையைக் கழித்துவிட்டுக் காட்சித் தெளிவை அளக்கலாமா?

செழியன்:
அமெரிக்காவின் 156 தேசியப் பூங்காக்களிலும் வனப்பகுதிகளிலும் காற்றின் மங்கலைக் குறைக்க 1999-இல் விதி வகுக்கப்பட்டது. 2000 முதல் 2004 வரையிலான நிலையை அடிப்படையாகவும், 2064-இல் எட்டவேண்டிய இயற்கை நிலையை முடிவாகவும் வைத்து முன்னேற்றத்தைக் கணக்கிடுகிறார்கள். தொடக்கத்தில், ஆண்டின் மிக மங்கலான 20 சதவீத நாட்களே அளவுகோலாக இருந்தன. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை, மனிதச் செயலால் மிகுதியாக மங்கிய 20 சதவீத நாட்கள் என்று மாற்றியது. காட்டுத்தீப் புகை சூழ்ந்த நாட்கள் இதனால் பெரும்பாலும் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. எதிரேயுள்ள மலையே தெரியாத நாளை ஒதுக்கிவிட்டு, தெளிவு கூடியிருக்கிறது என்று அறிவிப்பதை நான் ஏற்கவில்லை.

கயல்விழி:
அந்த அளவு எதற்காக ஏற்பட்டது என்பதையும் பாருங்கள், செழியன். அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் வாகனங்களும் உமிழ்வதைக் குறைத்ததற்குப் பலன் கிடைத்ததா என்பதே அதன் கேள்வி. கிழக்கு அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைப்பகுதியில் மங்கலுக்கு முதன்மைக் காரணமாக இருந்த சல்பேட் துகள்கள், மின் நிலையங்களின் கந்தக டைஆக்சைடு கட்டுப்படுத்தப்பட்ட பிறகு பெருமளவு குறைந்தன. மேற்கு மாநிலங்களிலோ ஒரு கோடைத் தீயின் புகை, பல ஆண்டுக் கட்டுப்பாட்டின் பலனை ஒரே வாரத்தில் மறைத்துவிடும். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்கினால், கட்டுப்பாட்டால் பயனே இல்லை என்று வாதிட ஆலைகளுக்கு நாமே வழி செய்து கொடுத்தவர்களாவோம்.

செழியன்:
பிரிப்பது அவ்வளவு எளிதா? இந்தப் பூங்காக்களில் மூன்று நாட்களுக்கு ஒருமுறை, 24 மணி நேரம் காற்றை வடிதாள் வழியே இழுத்து, படிந்த சல்பேட், நைட்ரேட், கரிமம், மண்தூள் ஆகியவற்றின் எடையிலிருந்து ஒளி எவ்வளவு குறையும் என்று கணக்கிடுகிறார்கள். படிந்த கரிமம் மின்னலால் மூண்ட தீயிலிருந்து வந்ததா, மனிதர் மூட்டிய தீயிலிருந்து வந்ததா என்பதை வடிதாள் சொல்லாது. ஒரு வரம்பைத் தாண்டிய கரிமத்தை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுவது வசதிக்கான முடிவு. அது அளவீடு ஆகாது.

மாறன்:
இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்னேற்றம் டெசிவியூ என்ற மடக்கை அலகில் தரப்படுகிறது. துகளே இல்லாத காற்றிலும் வாயு மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால், மெகாமீட்டருக்கு, அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ 10 என்ற அளவில் ஒளி குறையும். அதுவே சுழி டெசிவியூ, பார்வைத் தொலைவு சுமார் 390 கிலோமீட்டர். அந்த 10 என்பது 20 ஆனால் ஏறத்தாழ 7 டெசிவியூ கூடுகிறது, பார்வைத் தொலைவு பாதியாகிறது. ஏற்கெனவே 100 ஆக இருந்து 110 ஆனாலோ ஒரு டெசிவியூகூட முழுதாகக் கூடாது. சேர்ந்த மாசு இரண்டிலும் ஒன்றுதான். கண் உணரும் மாற்றத்துக்கு இது பொருத்தமான அலகு. எத்தனை மாசு நீங்கியது என்பதை இதைக்கொண்டு நேரடியாக அறிய முடியாது.

கயல்விழி:
அதனால்தான் சல்பேட், நைட்ரேட் ஆகியவற்றின் தனித்தனிப் போக்கையும் உடன் வெளியிட வேண்டும் என்கிறேன். வரம்பைப் பற்றிச் செழியன் எழுப்பிய ஐயம் நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு வரம்பைத் திருத்துவதுதானே ஒழிய, பழைய அளவுகோலுக்குத் திரும்புவதன்று.

செழியன்:
திருத்தப்படும் வரையில், புகை நாட்களையும் சேர்த்த எண் அதே அறிக்கையின் முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.