பழைய ராக் இசைத்தட்டை (எல்.பி.) கையில் எடுத்தால் எங்கே பார்க்க வேண்டும்?

லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம் பலரிடம் இருக்கும். ஆனால் அதை அதன் முழு பலத்தோடு கேட்டவர்கள் குறைவு. 1969இல் அமெரிக்காவில் வந்த முதல் அச்சுக்கு மாஸ்டர் (தட்டுகளை அச்சடிக்க அடிப்படையாகும் மூலத் தட்டு) வெட்டியவர் பாப் லட்விக். பேஸும் டிரம்ஸும் நெஞ்சில் இடிக்கிற மாதிரி வெட்டியிருந்தார். அட்லாண்டிக் நிறுவனர் அமெட் எர்டெகனின் மகளிடம் இருந்த சின்ன பிளேயரில் ஊசி துள்ளியதால்தான் சத்தத்தைக் குறைத்து மறுபடி வெட்டினார்கள் என்று லட்விக்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பின் அங்கே வந்த பழைய அச்சுகளில் இருப்பது அந்த அடக்கிய வெட்டுதான்.

கண்டுபிடிக்க அட்டை உதவாது, இரண்டுக்கும் ஒரே அட்டை. லேபிளில் '1841 பிராட்வே' என்ற முகவரியைப் பார்த்ததும் சிலர் வாங்கிவிடுகிறார்கள். அடக்கி வெட்டியதிலும் அதே முகவரிதான் இருக்கிறது. பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும், அதைத்தான் டெட் வாக்ஸ் என்கிறோம். அங்கே கையால் கீறிய 'ஆர்.எல்.' (RL, ராபர்ட் லட்விக்) எழுத்துகள் இருக்க வேண்டும். லட்விக் வேலை பார்த்த ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டுடியோவைக் குறிக்கும் 'எஸ்.எஸ்.' பக்கத்தில் இருக்கும். தட்டைத் திருப்பி மறுபக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆர்.எல். உள்ள பிரதிகளும் சந்தையில் உண்டு, விலை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்வார்கள்.

* * *

டெட் வாக்ஸ் படிக்க ஒரு வழி. விளக்கை நேர் மேலே பிடித்தால் ஒன்றும் தெரியாது. செல்போன் டார்ச்சைத் தட்டின் விளிம்பு உயரத்துக்கு இறக்கிச் சாய்த்து அடியுங்கள். கீறல் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் போதும்.

பிரிட்டிஷ் இ.எம்.ஐ. நிறுவன அச்சுகளில் இன்னும் சுவாரசியம் இருக்கிறது. டெட் வாக்ஸில் உள்ள மேட்ரிக்ஸ் எண்ணை (எந்த மாஸ்டர் வெட்டு என்று காட்டும் எண்) கடிகாரத்தின் 6 மணி இடத்தில் வைத்துப் பிடித்தால், 9 மணி இடத்தில் 'மதர்' (மாஸ்டரிலிருந்து எடுத்த உலோகப் பிரதி) எண்ணும் 3 மணி இடத்தில் ஸ்டாம்பர் (அதிலிருந்து எடுத்து, தட்டுகளை அச்சடிக்கும் உலோக அச்சு) எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து ஒரு சங்கேதம். ஜி-ஆர்-ஏ-எம்-ஓ-பி-எச்-எல்-டி-டி (GRAMOPHLTD) என்ற பத்து எழுத்துகள் வரிசையாக 1 முதல் 9 வரையும், கடைசி எழுத்து பூஜ்யமாகவும் வரும். ஜி என்றால் முதல் ஸ்டாம்பர், ஜி-ஆர் என்றால் பன்னிரண்டாவது. எண் சிறியதாக இருக்கும் அளவுக்கு ஆரம்பத்தில் அச்சான தட்டு.

பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973, ஹார்வெஸ்ட் எஸ்.எச்.வி.எல். 804) வாங்குகிறவர்கள் முதலில் லேபிளைப் பாருங்கள். பிரிட்டிஷ் முதல் அச்சில் முக்கோணம் முழுக்க நீல நிறம் நிரம்பியிருக்கும், பின்னால் வந்தவற்றில் வெறும் கோடு. மேட்ரிக்ஸ் ஏ-2, பி-2. உள்ளே இரண்டு போஸ்டர், இரண்டு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு, முதல் அச்சின் அட்டைக்குள் பின்னாள் தட்டு இருப்பது. ஆகவே தட்டை உருவிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எந்த அச்சு என்பதைவிட எத்தனை முறை, எந்த ஊசியில் ஓடியது என்பது முக்கியம். லேபிள் நடுத்துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், அச்சாணியைத் தேடித் தேடி வைத்த தட்டு, நிறைய ஓடியிருக்கிறது. மேற்பரப்பில் கீறலே இல்லாமல், சத்தமான பகுதிகள் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கி இருந்தால் பள்ளம் தேய்ந்துவிட்டது. அதை எந்தக் கழுவலும் திருப்பித் தராது. கண்ணுக்குத் தெரிந்து நகத்துக்குத் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் காதில் விழாது. நகத்தில் தட்டினால் கட்டாயம் 'டக், டக்'தான்.

* * *

கரகரப்பு எல்லாம் அழுக்கு என்று நினைத்து 'தி ஹூ'வின் 'லைவ் அட் லீட்ஸ்' தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டாம். 1970 பிப்ரவரி 14இல் லீட்ஸ் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் பதிவானது. கேபிள் கோளாறால் வந்த கரகரப்பு மூல டேப்பிலேயே இருக்கிறது. 'கரகரப்பு சரிதான், திருத்த வேண்டாம்' என்று லேபிளிலேயே எழுதி வைத்தார்கள். அந்த ஆல்பத்தின் அழகு அட்டைக்குள்ளும் இருக்கிறது. மார்க்கீ கிளப் போஸ்டர், வுட்ஸ்டாக் ஒப்பந்தம், இ.எம்.ஐ. நிராகரித்து எழுதிய கடிதம் என்று மொத்தம் 12 தாள்கள். எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

மற்றத் தட்டுகளைக் கழுவ: டிஸ்டில்ட் வாட்டர் 800 மி.லி., ஐசோபுரொபைல் ஆல்கஹால் 200 மி.லி., ஃபோட்டோ கழுவும் வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் சீராகப் பரவ உதவும் திரவம்) நாலைந்து சொட்டு. லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒருமுறை அலசுங்கள். அலசாமல் விட்டால் வெட்டிங் ஏஜென்ட் படிந்து ஊசியில் பிசினாகச் சேரும். குழாய்த் தண்ணீர் கூடாது, உப்பு காய்ந்து பள்ளத்திலேயே நிற்கும். கடலோர ஊர்களில் வரும் வெள்ளைப் பூஞ்சைப் புள்ளிகளும் இதில் போய்விடும், ஆனால் பழைய காகித உறையைத் தூக்கிப் போடாவிட்டால் திரும்ப வரும். 78 வேகத் தட்டுகளில் இந்தக் கலவையைத் தொடவே கூடாது. அவை ஷெல்லாக் என்ற அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் கரையும்.

* * *

ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' (1971) நிஜ ஜிப் வைத்த அட்டையோடு இருந்தால், ஜிப்பைப் பாதி வரை இறக்கியே வையுங்கள். கடைகளுக்கு அடுக்கி அனுப்பியபோது ஜிப் அழுத்தித் தட்டுகள் பழுதாயின. 'சிஸ்டர் மார்ஃபின்' பாட்டின் மேல்தான் அடி விழுந்தது. இறக்கி வைத்தால் கைப்பிடி லேபிளுக்கு நேராக வரும், அங்கே அழுந்தினால் இசைக்குச் சேதமில்லை. அலமாரியில் அதற்கு முன்னால் ஒரு தடித்த அட்டையைச் செருகுங்கள், பக்கத்துத் தட்டும் பிழைக்கும். எந்த எல்.பி.யையும் படுக்கவைத்து அடுக்காதீர்கள்.

* * *

பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' (1967) கடைசிப் பாட்டில் ஆர்கெஸ்ட்ரா ஏறும்போது இரைகிறது என்று கேட்ட தம்பிக்கு: தட்டைக் குறை சொல்வதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள்ளே வந்தால் சுமார் 21 செ.மீ. மட்டும். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருங்கி எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆல்பத்தின் மிகக் கனமான இடம் சரியாக அங்கே வந்து நிற்கிறது. கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும் சின்னப் பெட்டி) கொஞ்சம் கோணினாலும் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிசெய்ய உதவும் பேர்வால்ட் முறை அளவுத்தாளை அச்சிட்டு (அச்சு அளவு 100 சதவீதம் என்று ஸ்கேல் வைத்துச் சரிபார்த்த பிறகு) நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்கும்படி திருகுங்கள். ஒரு புள்ளியில் மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஊசி தட்டை அழுத்தும் எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்பது பரவலான தவறு. எடை போதாத ஊசி பள்ளத்தின் சுவர்களில் மோதி மோதி அவற்றைச் சிதைக்கும். ஆர்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் என்றால் 1.8 கிராம், ஆடியோ டெக்னிகா வி.எம்.95இ என்றால் 2 கிராம். டோன் ஆர்மில் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) உள்ள எண்ணை நம்பாமல் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்தும் இரைந்தால் ஊசி தேய்ந்திருக்கலாம், இல்லை முந்தைய சொந்தக்காரரின் ஊசி அந்த இடத்தை உழுதிருக்கலாம். புது ஊசியில் இன்னொரு தட்டின் கடைசிப் பாட்டை ஓட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

* * *

அதே ஆல்பத்துக்கு இன்னொரு விஷயம், ஆட்டோ ரிட்டர்னை (தட்டு முடிந்ததும் கை தானாகத் திரும்பும் வசதி) அணைத்துவிட்டுக் கேளுங்கள். பிரிட்டிஷ் முதல் அச்சில் கடைசிப் பாட்டுக்குப் பிறகு 15 கிலோஹெர்ட்ஸ் கீச்சொலியும், அதற்குப் பின் உள்வளையத்தில் நிற்காமல் சுற்றும் பேச்சுச் சத்தமும் உண்டு. அமெரிக்க முதல் அச்சில் இரண்டும் கிடையாது. பிங்க் ஃபிளாய்டின் 'ஆட்டம் ஹார்ட் மதர்' (1970) இரண்டாம் பக்க முடிவில் சொட்டும் குழாயும் இப்படித்தான், சில அச்சுகளில் ஊசியைத் தூக்கும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும். தானாகக் கை தூக்கும் பிளேயரில் இது காதுக்கே வராது.